பழைய 25 கேவிஏ ஜெனரேட்டரை லோடு போட்டுப் பார்ப்பது எப்படி? (இறால் பண்ணை, தொண்டி பக்கம்)

உப்பங்கழி:
பழைய த்ரீ பேஸ் டீசல் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறேன். குஞ்சு விட இன்னும் நாள் இருக்கிறது, குளம் காலி, ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார்) எதுவும் ஓடவில்லை. ராத்திரி கரண்ட் போய் இதுவும் கைவிட்டால் விடிவதற்குள் குளமே போய்விடும், அதனால் இப்போதே பார்த்துவிட வேண்டும். டிரம்மில் கடல் தண்ணீர் ஊற்றி இரும்புத் தகடு இறக்கி லோடு கொடுக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பாம்பன் ஒயர்மேன்:
கடல் தண்ணீர் வேண்டவே வேண்டாம் தம்பி. தகடு கொஞ்சம் இறங்கினாலே ஓவர்லோடு ஆகிவிடும், தண்ணீர் சூடாகச் சூடாகக் கரண்ட் இன்னும் ஏறும். நல்ல தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் செய்பவர்கள் உண்டுதான், ஆனால் டிரம் முழுக்கக் கரண்ட், சுற்றிலும் ஈரத்தரை, பண்ணையில் ஆட்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

2000 வாட் ஹீட்டர் ராடு ஒன்பது சேகரியுங்கள். பேஸுக்கு மூன்று, மொத்தம் 18 கிலோவாட். டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் இறக்குங்கள். ராடின் சூடாகும் பகுதி தண்ணீருக்கு வெளியே தெரியக்கூடாது, ஓடும்போது யாரும் டிரம்மைத் தொடக்கூடாது. ஈபி லைன் சேஞ்ச்ஓவர் சுவிட்சில் (ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சுவிட்ச்) பிரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, உப்புக்காற்றில் சும்மா கிடந்த மெஷின் என்றால் ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கார்டு) ஒயரைக் கழற்றிவிட்டு மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) போடுங்கள், ஒரு மெகா ஓம் கூட இல்லையென்றால் காயவைத்த பிறகுதான் லோடு.

மண்டபம் டீசல்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஹீட்டர் இன்ஜினைத்தான் சோதிக்கும். 25 கேவிஏ என்றால் 20 கிலோவாட், ஹீட்டரில் அது 28 ஆம்பியரிலேயே வந்துவிடும். மோட்டார் அதே கிலோவாட்டுக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், அது ஓடும்போது ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்கும் பகுதி) 35 ஆம்பியர் வரை தர வேண்டும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஒவ்வொரு மோட்டாரும் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆகவே ஹீட்டரில் ஒரு மணி நேரம் ஓட்டி ஆயில் பிரஷரும் சூடும் பாருங்கள். சும்மா ஓடும்போது 52 ஹெர்ட்ஸ், லோடில் 50 பக்கம் நிற்க வேண்டும், 48க்குக் கீழே போனால் கவர்னரையும் (இன்ஜின் வேகத்தைப் பிடித்து வைக்கும் பாகம்) டீசல் ஃபில்டரையும் பாருங்கள். அப்புறம் ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் ஏற்றி எல்லா ஏரேட்டரையும் அதில் இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள்.

உப்பங்கழி:
ரொம்ப நன்றி அண்ணே. 2 ஹெச்பி ஏரேட்டர் பத்து இருக்கிறது. தாங்குமா?

மண்டபம் டீசல்:
ஒன்று மூன்றரை ஆம்பியர் எடுக்கும், பத்தும் ஓடினால் 35. கழுத்து வரை வந்துவிடும், மிச்சமே இருக்காது. எட்டோடு நிறுத்துங்கள், அல்லது பெரிய செட் பாருங்கள்.