பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: தமிழும் பர்மியும் ஓட எதைப் போடுவது?

கேள்வி (தாம்வே, ரங்கூன்)

வணக்கம். என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய லேப்டாப். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது. வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் திருவிழா நோட்டீஸ் தமிழில் அடிக்க வேண்டும், மகளின் பள்ளிப் பாடம் பர்மியில்.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட நினைத்து, அதில் ஒரு வகையான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். மிகவும் மெதுவாக நகர்கிறது, வைஃபை தெரியவே இல்லை. பழைய நோட்டீஸ் ஒன்றைத் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பத்து வருட நோட்டீஸ் அத்தனையும் பாமினி எழுத்துருவில் அடித்தது. போய்விட்டதா?

பதில் (மோல்மீன்)

அண்ணே, எதுவும் போகவில்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும், அவ்வளவுதான். விண்டோஸில் இருக்கும் பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து வையுங்கள். லினக்ஸில் அதை இருமுறை சொடுக்கி நிறுவினால் நோட்டீஸ் பழையபடி தெரியும். ஆனால் புதிய நோட்டீஸை யூனிகோடில் அடியுங்கள், அதில் ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் இருப்பதால் எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. நம் ஊரில் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவால் எவ்வளவு பாடுபட்டோம்! 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது. பாமினியும் அதே கதைதான், தமிழிலும் அந்தச் சிக்கலைப் பிள்ளைகளுக்கு விட்டுவைக்க வேண்டாம்.

உங்கள் லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் 22, அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டதுதான், ஆனால் திரைச்சூழல் இலகுவானது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்று தேடிப் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு (ammaa என்று அடித்தால் அம்மா) என இரண்டு தட்டச்சு முறைகளும் கிடைக்கும். பர்மி விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம், எழுத்துருவுக்குப் படாக் நன்றாக இருக்கும்.

வைஃபைக்கு, போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், போனின் இணையம் லேப்டாப்புக்கு வரும். உங்கள் வைஃபை அநேகமாக பிராட்காம் நிறுவனத்தின் சிப்பாக இருக்கும். டிரைவர் மேலாளர் அந்த இணைப்பிலேயே தேவையானதை இறக்கிவிடும்.

பதில் (பெகு)

தம்பி சொன்னது சரி. நான் கரண்ட் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் எங்கள் வீட்டில் நிறுவிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போனது, பேட்டரியும் செத்துவிட்டது. டிஸ்க்கின் இடத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டத்தில் நின்றதால் விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. போட்டோக்களை முன்பே வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்ததால்தான் தப்பித்தோம். கரண்ட் வரும் நேரத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள், கடைசி அரைமணியை நம்ப வேண்டாம்.

இறக்கும் கோப்பு 3 ஜிபியை ஒட்டி இருக்கும். டோரன்டில் இறக்குங்கள். லைன் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், உடைந்த துண்டை அதுவே கண்டுபிடித்து மறுபடி எடுக்கும். அப்புறம், கையில் கொஞ்சம் காசு இருந்தால் ராமைவிட முதலில் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) வாங்குங்கள். உங்கள் ஹார்டு டிஸ்க்தான் உண்மையான இழுவை.

கேள்வி கேட்டவர்

அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லோருக்கும் நன்றி. மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், உபுண்டுவைவிட எவ்வளவோ தேவலை. போன் கேபிள் செருகியதும் இணையம் வந்தது. பாமினியை நிறுவிவிட்டுப் போன ஆண்டு ஆடித் திருவிழா நோட்டீஸைத் திறந்தேன். முதல் வரியில் "அம்மன் துணை" என்று பளிச்சென்று நின்றது, கண்ணே கலங்கிவிட்டது. எல்லாக் கோப்பையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தாயிற்று. எஸ்எஸ்டி வாங்கியதும் அதிலேயே நிறுவப் போகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பாமினி நோட்டீஸ்களை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்ற லினக்ஸிலேயே வழி உண்டா?

பதில் (மோல்மீன்)

உண்டு அண்ணே. ஓப்பன்-தமிழ் என்ற, பைத்தான் நிரல்மொழிக்கான தொகுப்பில் பாமினியை மாற்றும் வசதி இருக்கிறது. முதலில் ஒரு நோட்டீஸை மட்டும் மாற்றி, சாமி பெயர்களையும் தேதிகளையும் கண்ணால் சரிபாருங்கள். ஆங்கிலமும் எண்களும் கலந்த வரிகள்தான் குழம்பும்.