ஹெட்ஜ் ஃபண்ட் என்று சொல்லி 2 லட்சம் கேட்கிறார்கள்: அது உண்மையில் என்ன?

கேள்வி (திருமங்கலம்):
ஓய்வு பெற்ற ஆசிரியரான என் தந்தையிடம், தெரிந்தவர் ஒருவர், "ஹெட்ஜ் ஃபண்டில் 2 லட்சம் போடுங்கள், ஹெட்ஜ் என்றால் வேலி, சந்தை விழுந்தாலும் உங்கள் பணம் விழாது, மாதம் 3 சதவீதம் கைக்கு வரும்" என்று சொல்லி, வெள்ளைத் தாளில் கணக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (மேலூர்):
வேலி என்ற பொருள் சரிதான். 1949-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் தொடங்கிய இவ்வகை நிதியம் (ஃபண்ட்), ஏறும் என்று கருதிய பங்குகளை வாங்கியதோடு, இறங்கும் என்று கருதியவற்றை இரவல் வாங்கி விற்றும் வந்ததால், சந்தை மொத்தமாகச் சரிந்தாலும் ஒரு பக்கத்து நட்டத்தை மறுபக்கம் ஓரளவு ஈடுகட்டியது.

இரவல் விற்பனையை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நெல் விலை கூடியிருக்கும்போது பக்கத்து வீட்டில் பத்து மூட்டையைக் கைமாற்றாக வாங்கி விற்றுவிட்டு, அறுவடையில் விலை இறங்கியதும் பத்து மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் இடைப்பட்ட தொகை லாபம். பெரியாற்றுத் தண்ணீர் வராமல் விலை இன்னும் ஏறிவிட்டாலோ, எவ்வளவு கொடுத்தாவது வாங்கித்தான் ஆக வேண்டும்.

பிற்காலத்தில் வேலியே இல்லாமல், பெருங்கடன் வாங்கிப் பந்தயம் கட்டும் நிதியங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நோபல் பரிசு பெற்ற இருவர் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட், 1998-இல் சரிந்தபோது, அதைத் தாங்கிப் பிடிக்க 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட வேண்டியிருந்தது.

பதில் (மதுரை, அண்ணா நகர்):
ஐயா, தயவுசெய்து அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். நம் நாட்டில் இவ்வகை நிதியங்கள் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி மாற்று முதலீட்டு நிதியங்களின் மூன்றாம் பிரிவில் பதிவு பெற வேண்டும். சாதாரண முதலீட்டாளர் ஒருவர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட்டாக வேண்டும் என்பதால், 2 லட்சம் கேட்கும்போதே பொய் வெளிப்பட்டுவிடுகிறது. மியூச்சுவல் ஃபண்டில் 500 ரூபாயிலும் சேரலாம். ஆனால் அதுவும் மாதாமாதம் இவ்வளவு என்று உறுதி தராது. இப்படி ஒரு தாள் கணக்கை நம்பி என் சித்தப்பா பணி ஓய்வுத் தொகையில் பாதியை இழந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: பதிவு எண்ணைக் கேட்டு, செபியின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பதிவு எண்ணைக் கேட்டதற்கு, நாளை கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றவர் நான்கு நாட்களாக வரவில்லை. தந்தை காசோலைப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.