‘ஆஃப்டர்மார்க்கெட் ரோட்டர்’: ‘மாற்றாக்க வட்டு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புடையீர்,

வணக்கம். சிறிய எஸ்யூவி வண்டிகளின் பிரேக் உறுப்புகளுக்கு நாம் உருவாக்கிவரும் தமிழ்க் கலைச்சொற்பட்டியலில் பெரும்பாலானவை முடிவாகிவிட்டன. ‘ஆஃப்டர்மார்க்கெட் ரோட்டர்’, அதாவது வண்டி நிறுவனம் அல்லாத ஒரு தயாரிப்பாளர் தன் பெயரில் விற்கும் பிரேக் டிஸ்க், மட்டும் இழுபறியில் நிற்கிறது. இதில் ‘ரோட்டர்’ என்ற பாதி எளிது. மறுபாதியில் உள்ள சிக்கல் அகராதியோடு முடிந்துவிடாமல் வாங்குபவரின் பணத்தையும் பாதுகாப்பையும் தொடுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பணிமனையிலும் உதிரிபாகக் கடையிலும் இன்று புழங்குபவை இரண்டே சொற்கள்: ஒரிஜினல், டூப்ளிகேட். வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரிஜினல், மற்றதெல்லாம் டூப்ளிகேட். தன் பெயரைத் தானே பொறித்து, அளவுகளை வெளியிட்டு, உத்தரவாதமும் தந்து விற்கிற ஒரு தொழிற்சாலையின் வட்டும், அடுத்தவர் பெயரை ஒட்டிக்கொண்டு வருகிற போலியும் இந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. நிறுவன விலை கட்டுப்படியாகாத ஒருவர், “டூப்ளிகேட்லயே நல்லதா ஒண்ணு குடுங்க” என்று கேட்க வேண்டியதாகிறது. அவருக்கு வேண்டியது நேர்மையான, விலை குறைந்த ஒரு பொருள்; அதைக் கேட்கச் சொல் இல்லாததால் போலியைத்தான் கேட்கிறார். நாம் உருவாக்கும் கலைச்சொல் இந்த இடைவெளியை நிரப்பாவிட்டால் அதனால் பயனில்லை என்பதே என் நிலைப்பாடு.

இதுவரை வந்த முன்மொழிவுகளை அந்த அளவுகோலிலேயே பார்க்கிறேன். ‘பின்சந்தை வட்டு’ என்பது ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை அப்படியே பெயர்த்தது. கேட்பவருக்கு அது பழைய பொருள் விற்கும் சந்தையைத்தான் நினைவூட்டும். ‘மாற்றுறுப்பு’ நல்ல சொல்தான். ஆனால் தேய்ந்த வட்டைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வைக்கும் எந்த வட்டும், வண்டி நிறுவனமே தருவது உட்பட, மாற்றுறுப்புதான். ‘புறத்தயாரிப்பு’ என்பதை முதலில் வாசித்தபோது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வண்டி நிறுவனங்கள் பெரும்பாலும் வட்டுகளைத் தாமே வார்ப்பதில்லை. வெளித் தொழிற்சாலைகளிடம் வாங்கித் தம் பெட்டியில் இடுகின்றன. அவ்வாறிருக்க, எது அகம், எது புறம்? தயாரித்த இடத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. யார் பெயரில், யார் பொறுப்பில் விற்பனைக்கு வருகிறது என்பதே உண்மையான வேறுபாடு.

ஆகவே மூன்று சொற்களை ஒரு தொகுதியாக முன்வைக்கிறேன். வண்டி நிறுவனம் தன் பெயரில் தருவது ‘மூல ஆக்கம்’. வேறொரு தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரிலும் பொறுப்பிலும் தருவது ‘மாற்றாக்கம்’. இன்னொருவர் பெயரைத் திருடி வருவது ‘போலி’. மாற்று என்ற சொல்லுக்குப் பொன்னின் தரம் என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லிப் பழகிய காதுக்கு ‘மாற்றாக்கம்’ தரக்குறைவான பொருளாக ஒலிக்காது என்பது கூடுதல் நன்மை. ‘மாற்றாக்க வட்டு’, ‘மாற்றாக்கப் பேட்’ (பேட் என்பது வட்டை அழுத்தி வேகத்தைக் குறைக்கும் பட்டை), ‘மாற்றாக்க வடிகட்டி’ என்று பிற உறுப்புகளுக்கும் இது தடையின்றி நீளும்.

மாற்றாக்கத்துக்குள்ளும் படிகள் உண்டு என்பதால், ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 90ஆம் எண் விதிமுறையை நாம் துணையாகக் கொள்ளலாம். மாற்றாகப் பொருத்தும் பிரேக் பட்டைகளுக்கும் டிரம்களுக்கும் வட்டுகளுக்கும் உரிய அந்த விதிமுறை, வட்டுகளை நான்காகப் பகுக்கிறது. அவற்றுக்கு ‘மூல வட்டு’, ‘முற்றொத்த வட்டு’, ‘நிகர் வட்டு’, ‘பொருந்து வட்டு’ என்று பெயரிடலாம். முற்றொத்தது, வண்டி நிறுவனத்தின் முத்திரை தவிர மற்ற எல்லாவற்றிலும் மூலத்தைப் போன்றது. நிகரானது, அளவிலும் வடிவமைப்பிலும் உலோக வகையிலும் மூலத்துக்கு ஈடானது. பொருந்துவது, பொருத்தும் அளவுகளில் மட்டும் ஒத்து, வடிவமைப்பிலோ உலோகத்திலோ வேறுபடக்கூடியது. ஒப்புதல் பெற்ற வட்டில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ரோமன் எழுத்தும் நாட்டு எண்ணும், அருகே விதிமுறை எண்ணான 90உம் பொறிக்கப்பட்டிருக்கும். சிக்கனமாக வாங்க நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இந்த முத்திரையைத்தான். விலைச்சீட்டைப் பிறகு பார்க்கலாம்.

‘ரோட்டர்’ பற்றிச் சுருக்கமாக. மின்னோடியின் (மோட்டாரின்) சுழலும் பகுதிக்குச் ‘சுழலி’ என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது; அதையே இங்கும் வைத்தால் குழப்பமே மிஞ்சும். பேச்சில் எல்லோரும் ‘டிஸ்க்’ என்கிறார்கள், பொருளும் வட்டமான தட்டுதான். ‘பிரேக் வட்டு’ போதும்.

வட்டின் உட்பகுதிகளுக்கும் பெயர் வேண்டும், ஏனென்றால் மலிவான வட்டுக்கும் நல்ல வட்டுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சிறிய எஸ்யூவிகளின் முன்சக்கரங்களில் பொதுவாக இருப்பது காற்றோட்ட வட்டு: இரண்டு தட்டுகள், அவற்றை இணைக்கும் விலாக்கள், விலாக்களுக்கு நடுவே காற்று ஓடும் வழிகள். பின்சக்கரத்தில் வட்டு இருந்தால் அது பல வண்டிகளில் ஒற்றைத் தட்டாலான கெட்டி வட்டாக இருக்கும். 1,500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 580 கிலோஜூல். அதில் 70 விழுக்காட்டை முன்வட்டுகள் ஏற்பதாகக் கொண்டால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 கிலோஜூல் சேரும். காற்றுக்குப் போவதைக் கழிக்காமல் பார்த்தால், 7 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு வட்டு ஒரே நிறுத்தத்தில் 60 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சூடேறும்; அதே விட்டமும் தடிமனும் கொண்ட 5.5 கிலோ வட்டு 80 பாகை ஏறும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கை மறுபடி மறுபடி மிதிக்கும்போது இந்த வேறுபாடு அடுக்கடுக்காகக் கூடும். எடையைக் குறைக்கத் தட்டுகளை மெலிதாக்கி இடைவெளியை அகலமாக்கினாலும், விலாக்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் வெளியிலிருந்து பார்க்க அளவு ஒன்றாகவே இருக்கும். ஆகவே வட்டின் எடையைக் கேட்பதும், விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் அச்சு நகர்ந்திருந்தால், விளிம்பில் ஒரு தட்டு தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருப்பது கண்ணுக்கே தெரியும். அத்தகைய வட்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. இந்த நகர்வுக்கு ‘உள்ளச்சு நகர்வு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

துளையிட்ட வட்டு, கீறலிட்ட வட்டு (முகத்தில் நீள்பள்ளங்கள் வெட்டியது) என்ற பெயர்களில் கருத்து வேறுபாடு இல்லை. அன்றாடம் ஓட்டும் சிறிய எஸ்யூவிக்கு இரண்டுமே தேவையில்லை. துளை உலோகத்தைக் குறைக்கிறது, கடும் சூட்டில் விரிசல் தொடங்கும் இடமாகவும் ஆகிறது. கீறல் பேடைச் சற்று விரைவாகத் தேய்க்கும். குறைந்த செலவில் நல்லது வேண்டுமென்றால் வெற்று வட்டையே வாங்கி, நடுவில் தொப்பிபோல் மேடாக இருக்கும் பகுதிக்கும் விளிம்புக்கும் துருக்காப்புப் பூச்சு உள்ளதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்ததாக, பட்டியலில் ‘வட்டு வளைவு’ என்று இருக்கும் பதிவை நீக்க வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் “டிஸ்க் பெண்டாயிடுச்சு” என்பது வழக்கம். உண்மையில் வட்டு வளைந்து போவது அரிது. அந்த அதிர்வுக்குப் பின்னால் வெவ்வேறான இரண்டு அளவுகள் இருக்கின்றன. சுழலும்போது வட்டின் முகம் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் அசைவது ஒன்று. சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் ‘கோட்டம் எடுப்பது’ என்ற வழக்கு இருக்கிறதே, அதே கோட்டம்தான் இது. ‘பக்கக் கோட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜால் அளக்கும் இதற்குப் பல வண்டிகளில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் எல்லை. மற்றொன்று, வட்டைச் சுற்றி இடத்துக்கு இடம் தடிமன் மாறுவது. இதற்குத் ‘தடிமன் மாறுபாடு’ என்பதே பொருத்தம். ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் மாறுபாடு இருந்தாலே காலுக்கு அதிர்வு தெரியத் தொடங்கும்.

இவ்விரண்டையும் ஒரே பெயரில் கட்டக் கூடாது, ஏனென்றால் ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கிறது. சக்கரக் குடத்தின் (ஹப்பின்) முகத்தில் துருப்படலம் இருக்கும்போதே புதிய வட்டை ஏற்றினாலோ, நட்டுகளை ஒரு பக்கமாகத் திருகி இறுக்கினாலோ, குறையில்லாத வட்டுக்கும் கோட்டம் வந்துவிடுகிறது. பொருத்திய அன்று எதுவும் தெரியாது. பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதுகூட வட்டின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிச் செல்லும். அந்த இடத்தில் உலோகம் தேயும், அல்லது பேடின் பொருள் திட்டாகப் படியும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு தடிமன் மாறுபாடு உருவாகி அதிர்வு வெளிப்படும். அப்போது பழி விலை குறைந்த மாற்றாக்க வட்டின் மேல் விழுகிறது, உரியவர் அதிக விலையில் வேறொன்றை வாங்குகிறார், அது ஏறுவதும் அதே துருவின் மேல்தான். ‘பக்கக் கோட்டம் எவ்வளவு, குடத்தைச் சுத்தம் செய்தீர்களா’ என்று கேட்கச் சொற்கள் இருந்தால் இந்தச் செலவு தவிரும்.

எஞ்சியவை இரண்டு. வட்டில் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு ‘எல்லைத் தடிமன்’ என்பதை ஏற்கிறேன். புதிய வட்டுக்கும் அதற்கும் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவே இடைவெளி இருப்பதால், பழைய வட்டைக் கடைசல் போட்டு மிச்சப்படுத்த நினைப்பவர் கடைந்த பிறகு மிஞ்சும் தடிமனை அளந்தே முடிவெடுக்க வேண்டும். புதிய வட்டையும் பேடையும் மிதமான வேகத்திலிருந்து பலமுறை படிப்படியாக, முழுவதும் நிறுத்தாமல் வேகம் தணித்து ஒன்றுக்கொன்று இசைய வைப்பதற்குப் ‘பழக்குதல்’ போதுமானது. ‘பெட்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த ‘படுக்கையிடல்’ என்ற முன்மொழிவை விட்டுவிடலாம். ஓர் அச்சின் இரு பக்க வட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதையும், புதிய வட்டின் மேலுள்ள காப்பு எண்ணெயைத் துடைத்த பின்பே பேடைப் பூட்ட வேண்டும் என்பதையும் இந்தப் பதிவின் விளக்கத்தில் சேர்க்கலாம்.

தலைச்சொல்லுக்கு நான் பரிந்துரைக்கும் விளக்கம் பின்வருமாறு: “மாற்றாக்கம் (பெயர்ச்சொல்): வண்டி நிறுவனம் அல்லாத ஒரு தயாரிப்பாளர், தன் சொந்தப் பெயரிலும் பொறுப்பிலும், குறிப்பிட்ட வண்டிக்குப் பொருந்துமாறு செய்து விற்கும் உறுப்பு. போலியிலிருந்து வேறானது.” கடைசி வாக்கியம் அகராதிக்கு மிகை என்று சிலர் கருதக்கூடும், அதை நீக்காமல் இருக்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.