இரவுப்பணி உடம்புக்குப் பழகிவிடுமா?

கேள்வி:
தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஒரு வாரம் இரவு, அடுத்த வாரம் மாலை, அதற்கும் அடுத்த வாரம் காலை என்று ஷிப்ட் மாறுகிறது. இரவுப்பணி முடிந்து வந்ததும் உடம்பு அசந்து போகிறது. ஆனால் உச்சி வெயிலுக்குள் விழிப்பு வந்துவிடுகிறது. ஓயாத நெஞ்செரிச்சல். மாதவிலக்கும் தள்ளிப் போகிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள் மூத்தவர்கள். பழகுமா?

பதில் 1:
மின்நிலையக் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்ப்பவன் நான். பெரும்பாலோருக்கு முழுமையாகப் பழகுவதில்லை, சகோதரி. மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் முக்கியமாக வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கிறது. காலை வெயிலில் வீடு திரும்பும்போது அதற்கு அது விடியல்தான். உறங்கும் நேரம் அல்ல. கறுப்புக் கண்ணாடி அணிந்து வாருங்கள், அறையை நன்றாக இருட்டாக்குங்கள். தூக்கக் கலக்கத்தில் மட்டும் தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள்.

அதைவிட முக்கியமானது உங்கள் ஷிப்ட் வரிசை. அது தலைகீழாக இருக்கிறது! நம் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் தாமதமாக உறங்குவது எளிது, முன்கூட்டி உறங்குவது கடினம். காலை, மாலை, இரவு என்ற வரிசையைக் கேளுங்கள். எங்கள் பிரிவில் நாங்கள் எழுதிக் கொடுத்து மாற்ற வைத்தோம். கூடுதல் ஆளோ செலவோ தேவைப்படவில்லை. இதைக்கூடச் செய்து தராத நிர்வாகங்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதில் 2:
நான் மருத்துவர். மாதவிலக்கு தள்ளிப்போவதை ஷிப்டின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். கர்ப்பம், தைராய்டு இரண்டையும் பரிசோதித்துப் பாருங்கள். இரவில் இன்சுலின் மந்தமாக வேலை செய்வதால் அதே சாப்பாடு சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். பணிக்கு முன்பே முழு உணவை முடித்துவிட்டு, நடுநிசிக்குப் பிறகு கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், நெஞ்செரிச்சலுக்கும் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் பணியை 2007இல் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது. 2019இல் இரவுப்பணியை மறுபடி ஆராய்ந்து அதே வகையில் வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நிர்வாகத்திடம் பேசும்போது இது கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வரிசையை மாற்றக் கேட்டுச் சக செவிலியர்களுடன் சேர்ந்து மனு எழுதுகிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு காபி குடிக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். ஐந்து மணி நேரம் கழிந்தும் அதிலுள்ள காஃபீனில் (தூக்கத்தை விரட்டும் பொருள்) ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். பணியின் முதல் பாதியிலேயே குடித்துவிடுங்கள். நான்கு மணிக்கு, ஆள் மாற்றிவிட முடிந்தால், இருபது நிமிடம் கண்ணயருங்கள்.