பழைய ரியோஹா ஒயினும் கொங்குச் சாப்பாடும்: சுவைப்பு விருந்து அனுபவப் பகிர்வு

நொய்யல்கரை:

ஒயின் தயாரிக்கும் வீட்டாரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலாகப் பேசிப் பரிமாறும் விருந்துகளை நடத்தியவர்களும் அங்கே பரிமாறியவர்களும் எது சரியாக வருகிறது, எது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதை இங்கே எழுதுங்கள். பேச்சு சிதறாமல் இருக்க ஒரே வீட்டை வைத்துப் பேசுவோம்: ஸ்பெயின் நாட்டு ரியோஹாவில், ஆரோ ஊரில் இருக்கும் லோபெஸ் தெ எரேதியா.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1877-ல் ரஃபாயேல் லோபெஸ் தெ எரேதியா தொடங்கிய வீடு இது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா பூச்சி அழித்துக்கொண்டிருந்ததால் போர்தோ வியாபாரிகள் சரக்குத் தேடி ரியோஹாவுக்கு வந்த காலம் அது. ஆரோவில் ரயில் நிலையம் இருந்தது; ஒயின் வீடுகள் அதைச் சுற்றியே எழுந்தன. எப்ரோ ஆற்று வளைவில் 1913-14-ல் உருவான தொந்தோனியா தோட்டம் 100 ஹெக்டேருக்கு மேல். இன்றைக்கும் பீப்பாய்களைச் சொந்தப் பட்டறையிலேயே அமெரிக்க ஓக் மரத்தில் செய்து, பழுதையும் அங்கேயே பார்க்கிறார்கள்.

விருந்து நடத்துபவர் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ரிசர்வா என்பது ஒயின் எவ்வளவு காலம் முதிர்ந்தது என்பதைக் காட்டும் தரப்பெயர். ரியோஹா விதிப்படி சிவப்பு ரிசர்வாவுக்கு மொத்தம் 3 ஆண்டு, அதில் பீப்பாயில் 1 ஆண்டு இருந்தால் போதும். இவர்களோ தொந்தோனியா ரிசர்வாவைப் பீப்பாயிலேயே சுமார் 6 ஆண்டு வைக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வண்டல் நீக்கி வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். கடைசியில் முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தெளியவைத்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பார்கள். ஆக, நம் மேசைக்கு வரும்போதே அது மெலிந்து கனிந்த ஒயின். இளம் ஒயினைப் போல இரண்டு பக்க அடியையும் தாங்காது: ஒன்று நம்ம ஊர் வெப்பம், இன்னொன்று நம்ம ஊர் மிளகாய். இந்த இரண்டையும் அடக்கினால் விருந்து நடக்கும். மற்றதெல்லாம் அலங்காரம் என்பது என் கருத்து.

சிறுவாணித்தண்ணி:

முதலில் அளவு. 750 மில்லி பாட்டிலில் தலைக்கு 60 மில்லி ஊற்றினால் ஏட்டுக்கணக்கில் 12 பேர். பழைய பாட்டிலில் அது நடக்காது. அடியில் வண்டலோடு 30 முதல் 50 மில்லி நின்றுவிடும். திறந்ததும் சரிபார்க்க ஒரு வாய் போகும். பாட்டிலுக்கு 11 பேர் என்று போடுங்கள். 22 பேர் என்றால் ஒவ்வொரு ஒயினுக்கும் 2 பாட்டில், கூடவே மாற்றுக்கு 1. மாற்றுப் பாட்டில் இல்லாமல் தயாரிப்பாளர் விருந்தைத் தொடங்கவே கூடாது. கார்க் கெட்ட பாட்டில் எந்தப் பெரிய வீட்டிலிருந்தும் வரும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அதைக் காற்றாட வைத்துச் சரிசெய்ய முடியாது, ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

அடுத்து வெப்பம். பாட்டில் வந்த அன்றே விருந்து வைக்காதீர்கள். லாரியில் குலுங்கி வந்த வண்டல் அடங்க, குளிர்ந்த இருட்டறையில் குறைந்தது 2 நாள் நிமிர்த்தி வையுங்கள். வந்ததும் கழுத்தைப் பாருங்கள். கார்க் மேலே தள்ளியிருந்தாலோ மூடியைச் சுற்றி ஒயின் கசிந்த பிசுபிசுப்பு இருந்தாலோ, வழியில் சூடு பட்டிருக்கிறது. அந்தப் பாட்டிலைத் தனியாக வைத்து, கடைசியாகத் திறந்து பாருங்கள்.

சிவப்புக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் அறை வெப்பநிலை என்பது ஐரோப்பியக் கல்வீட்டு அறை. சித்திரை வெயிலில் நம்ம அறை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஏசி 22-ல் ஓடும் கூடத்தில் சிவப்பை 16 டிகிரியில் ஊற்றினால், பேச்சு நடக்க நடக்கக் கிண்ணத்தில் 18, 19-க்கு வந்து நிற்கும், அதுதான் வேண்டும். 24-ல் ஊற்றினால் சாராய நெடி மட்டும் மூக்கில் ஏறி, பழத்தோல் மணமும் புகையிலை மணமும் மறைந்துபோகும். பாதி ஐஸ் பாதித் தண்ணீர் உள்ள வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து, தெர்மாமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ஐஸ் போதாது. தண்ணீர் இருந்தால்தான் பாட்டில் முழுக்கக் குளிர் பிடிக்கும். வண்டல் உள்ள பழைய பாட்டிலை மட்டும் வாளியில் போட்டு ஆட்டாமல், மதியமே 15 டிகிரிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.

வெள்ளைக்கு 12, 13 டிகிரி. சாதாரண ஃப்ரிட்ஜ் 4, 5-ல் இருக்கும்; அதிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் இந்த வீட்டு வெள்ளை ஊமையாகிவிடும். முன்னாலேயே வெளியே எடுத்து வைத்து, தெர்மாமீட்டரில் 12 வந்த பிறகு ஊற்றுங்கள்.

கண்ணாடிக் கிண்ணம்: தலைக்கு மூன்று, 22 பேருக்கு 66. இரண்டு சுற்றாகக் கழுவி வைத்தால் ஆறு ஒயின் வரை ஓட்டலாம். போர்த் தண்ணியில் கழுவினால் வெள்ளையாக உப்புப் படியும், சோப்பு வாசமும் போகாது. கடைசி அலசலுக்குச் சிறுவாணித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, சூடாக. கவிழ்த்து அலமாரியில் அடுக்காதீர்கள். மர வாசம் உள்ளேயே தங்கும்.

ஆனைமலை அடிவாரம்:

திறப்பது பற்றி நான் எழுதறனுங்க. குபியோ, போஸ்கோனியா, தொந்தோனியா மூணும் இந்த வீட்டுச் சிவப்பு ஒயினுங்க; இதுல போஸ்கோனியாவைத் தட்டுல நிக்கறப்பவே பிரிச்சுச் சொல்லலாம். போஸ்கோனியா மட்டும் தோள் சரிஞ்ச பர்கண்டி பாட்டில்; தொந்தோனியா நேர்த்தோள் போர்தோ பாட்டில். பரிமாற வர்ற பசங்களுக்கு இதை முதல்லயே காட்டிட்டா மாத்தி ஊத்த மாட்டாங்க.

அரக்கு மெழுகு போட்ட பாட்டில் வந்தா, கத்தியால மெழுகைத் தட்டாதீங்க. தூள் பறந்து கழுத்துக்குள்ள விழும். மெழுகு மேலேயே நடுவுல ஸ்க்ரூவை இறக்கி, கார்க்கைப் பாதி மட்டும் இழுங்க. மெழுகு தானா வெடிச்சு விலகும். அங்கேயே நிறுத்தி, ஈரத்துணியால விளிம்பைச் சுத்தமாத் துடைச்சுட்டு மிச்சத்தை எடுங்க.

இருபது வருசத்துக்கு மேல உள்ள கார்க்கு ஸ்க்ரூவை மட்டும் நம்பாதீங்க. கீழ்ப்பாதி ஈரத்துல ஊறிப் பஞ்சு மாதிரி இருக்கும், மேல்பாதி காய்ஞ்சிருக்கும். இழுத்தா நடுவுல ஒடையும். ரெண்டு தகடு இருக்கற ஓப்பனர் வேணும். நீளமான தகட்டை முதல்ல கண்ணாடிக்கும் கார்க்குக்கும் நடுவுல விடுங்க, அப்புறம் குட்டைத் தகடு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைச்சுக்கிட்டே முழுசா இறக்கி, திருகித் திருகி மேலே தூக்கணும். தகட்டை அசைக்காம நேரா அழுத்தினா கார்க் உள்ளே போயிடும். அப்படிப் போனாலும் பதற வேண்டாம், துவைச்ச மஸ்லின் துணி வழியா வடிச்சு ஊத்தலாம். காப்பி வடிகட்டற காகிதம் மட்டும் வேண்டாம், அந்தக் காகித வாசம் ஒயின்ல ஏறும்.

வண்டல் பிரிக்கறப்ப பாட்டில் கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன டார்ச் லைட்டை நிமிர்த்தி வெச்சுட்டு, டிகேண்டர்ல (ஒயினை மாத்தி ஊத்தற கண்ணாடிக் குடுவை) ஒரே ஓட்டமா, மெதுவா ஊத்துங்க. நடுவுல நிமிர்த்தினா வண்டல் கலங்கிப் பூரா வீணாயிரும். முதல்ல புகை மாதிரி ஒரு கோடு தோள்கிட்ட வரும், அதுக்குப் பின்னால கருப்புத் துகள். புகை கழுத்தைத் தொட்டதும் நிறுத்திடுங்க.

நொய்யல்கரை:

டிகேண்டரில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ரிசர்வா என்றால் அரைமணி, முக்கால்மணி சரி. அதைவிட நீண்ட காலம் முதிர்ந்த கிரான் ரிசர்வாவை நான் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் மாற்றச் சொல்வேன். பீப்பாயிலேயே ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் காற்றைப் பார்த்த ஒயின் அது. மேலும் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பதில் வருவதைவிடப் போவது அதிகம்.

ஆனைமலை அடிவாரம்:

வெள்ளைக்கு அது பொருந்தாதுங்க. தொந்தோனியா வெள்ளை ரிசர்வா வியூரா, மல்வசியாங்கற ரெண்டு வெள்ளைத் திராட்சையோட கலப்பு. அதுவும் 6 வருசம் பீப்பாய்ல இருந்தது. திறந்து ஒரு மணி நேரம் போனாத்தான் வாய் திறக்கும். நிறம் பொன் மாதிரி இருக்கும், வறுத்த கொட்டை வாசம் வரும். தெரியாதவங்க கெட்டுப்போச்சுன்னு கிண்ணத்தை ஒதுக்கிடுவாங்க. ஊத்தறதுக்கு முன்னாடியே தயாரிப்பாளர் இதை ரெண்டு வரியில சொல்லியாகணும். ஊத்தின பின்னாடி சொன்னா சமாதானம் சொல்ற மாதிரி ஆயிடும்.

பவானிக்கரை:

சமையல் பக்கம் வருகிறேன். நட்சத்திர விடுதிச் சமையல்காரர்கள் ஸ்பெயின் ஒயின் என்றதும் சீஸ் பலகையும் ஆலிவும் தேடிப் போகிறார்கள். வேண்டாம். கொங்குச் சமையலின் அடித்தளம் மஞ்சள், சின்ன வெங்காயம், தேங்காய், நிலக்கடலை, எள். காரத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் இந்த ஒயின்களுக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது கடினம். சாராயச் சத்தும் துவர்ப்பும் மிளகாய் எரிச்சலைத் தூக்கிவிடும், எரிகிற நாக்கில் மெல்லிய ஒயின் தெரியவே தெரியாது. உப்பும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும். தட்டில் இனிப்பு ஏறினால் ஒயின் புளித்துத் தெரியும். இந்த மூன்றையும் வைத்தே பட்டியல் போடலாம்.

பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மசாலாப் பொடி கிடையாது, மிளகாயும் விதை உதறிப் போடுவதுதான் மரபு. ஒரு கிலோ நாட்டுக்கோழிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், வழக்கமாக 15, 20 வரமிளகாய். இந்த விருந்துக்கு 6 போதும். கிள்ளி, விதையை முழுக்க உதறி, வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நிறம் வரும், எரிச்சல் தங்காது. தேங்காய்ப் பல்லை இரட்டிப்பாக்குங்கள். கோழியைச் சின்னத் துண்டாகப் போட்டு, அதன் கொழுப்பிலேயே சுருள வதக்குங்கள். இது போஸ்கோனியாவுக்கு.

இந்த வீட்டின் இன்னொரு வெள்ளை ஒயினான கிராவோனியா முழுக்க வியூரா, பீப்பாயில் 4 ஆண்டு. அதற்கு உப்புப் போட்டு அவித்த நிலக்கடலையும், தேங்காய்ப்பால் விட்ட சந்தகையும். பாலில் சர்க்கரை வேண்டாம், கல்லுப்பும் ஒரு சிட்டிகை ஏலமும் போதும். தொந்தோனியா சிவப்புக்கு வெள்ளாட்டுக்கறி: மிளகும் மல்லியும் தூக்கலாக, புளி இல்லாமல், எலும்போடு மெதுவாக வெந்தது. அரிசிம்பருப்பு சாதத்தைச் சிறு கிண்ணத்தில் நெய்யோடு இடையில் வையுங்கள், நாக்கை ஆற்றிவிடும். கொள்ளுக் கடைசலும் நன்றாகச் சேரும், பூண்டுத் தாளிப்பைக் குறைத்தால்.

இனிப்பான ஒப்பிட்டை (போளி) பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அது வரும் நேரத்தில் மேசையில் ஒயின் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசிக் கிண்ணம் காலியான பிறகு காப்பியோடு வரட்டும்.

அமெரிக்க ஓக் என்பதால் தேங்காய் மணம் தூக்கலாக வரும் என்று சிலர் மேடையில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். புதுப் பீப்பாய்க்கு அது சரி. இந்த வீட்டில் பீப்பாய்கள் பழையவை. மரவாசம் மங்கித்தான் இருக்கும். விருந்தினரை இல்லாத மணத்தைத் தேட வைக்காதீர்கள்.

சிறுவாணித்தண்ணி:

இன்னொன்று விட்டுப்போனது. கூடத்துக்குள் மல்லிகை வேண்டாம். சத்தியமங்கலத்துப் பூவை வாசலில் வைத்து வரவேற்கலாம், சந்தனமும் பன்னீரும் அங்கேயே முடியட்டும். மேசையில் ஒரு சரம் கிடந்தால் நுகர்வதற்கு வேறு எதுவும் மிஞ்சாது. கறிவேப்பிலை தாளிக்கும் நேரடி அடுப்பையும் கூடத்துக்கு வெளியே தள்ளுங்கள். வெற்றிலை கடைசியில்தான்.

பவானிக்கரை:

முட்டை விஷயத்தை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். நொய்யல்கரை சொன்னபடி சிவப்பு ஒயின்கள் முட்டை வெள்ளைக்கருவால் தெளிந்தவை. கோவையில் கண்டிப்பான சைவர்களும் ஜைனர்களும் மேசைக்கு வருவார்கள். பாதி விருந்தில் தெரிய வந்தால் அவர்களுக்கு மனக்கஷ்டம். தேதியில் புரட்டாசியைத் தவிருங்கள், கறிப் பட்டியல் பாதிப்பேருக்கு வீணாகும்.

நொய்யல்கரை:

தேதி என்றதும் மதுவிலக்கு நாட்களையும் பாருங்கள். குளிர் என்று தை மாதம் வைப்பவர்கள் திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு தினம் மூன்றையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். இடம், உரிமம் உள்ள நட்சத்திர விடுதியோ கிளப்போதான். தோட்டத்து வீட்டில் கட்டணம் வாங்கி நடத்த முடியாது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஊற்றக் கூடாது.

ஐந்து ஒயின் என்றால் தலைக்கு 300 மில்லி. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற வாகன வரம்பை இது பெரும்பாலோருக்குத் தாண்டிவிடும். துப்புகிற குவளையை ஒவ்வொருவர் பக்கத்திலும் வையுங்கள், தயாரிப்பாளரே முதலில் துப்பிக் காட்டினால் மற்றவர்கள் கூச்சப்பட மாட்டார்கள். பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் பக்கம் திரும்புபவர்களுக்கு ஓட்டுநரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆனைமலை அடிவாரம்:

மிச்சம் பத்தி யாரும் எழுதலைங்க. தொந்தோனியா வெள்ளை மிஞ்சினா கார்க் போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, நாலஞ்சு நாள் அசையாது. குபியோ அடுத்த நாள் வரைக்கும் நல்லா இருக்கும். கிரான் ரிசர்வா மிஞ்சவே விடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே பரிமாறின பசங்களுக்கும் சமையல்கட்டுக்கும் ஆளுக்கு ஒரு வாய் குடுத்துருங்க. என்ன ஊத்தறோம்னு அவங்க நாக்குக்கும் தெரிஞ்சாத்தான் அடுத்த விருந்துல பாட்டிலைக் குலுக்காம எடுத்துட்டு வருவாங்க.