கிளினிக் பதிவுகளை வைத்து மாரடைப்பு அபாயக் கணிப்பு: எங்கே சறுக்கும்?

செம்பனைக்காரன்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மக்களின் பழைய கிளினிக் பதிவுகளை வைத்து மாரடைப்பு அபாயம் கணிக்கும் மாடல் செய்கிறேன், முதுகலை ஆய்வுக்கு. கொலஸ்ட்ரால் அளவு இல்லாதவர்களை நீக்கிவிடலாமா?

லயத்து அக்கா: நீக்காதே தம்பி. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வராதவர் யார்? விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்தானே, அவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓய்வு பெற்றவர்களும் ஏற்கெனவே இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களும்தான். மல்டிபிள் இம்புடேஷன் பார், அதாவது விடுபட்ட அளவை மற்ற விவரங்களிலிருந்து பல தடவை ஊகித்து நிரப்பும் முறை. அப்புறம், மாரடைப்பு வந்த பிறகு எழுதிக்கொடுத்த மருந்தை உள்ளே சேர்த்துவிடாதே, கணிப்பு பிரமாதமாகத் தெரியும், அத்தனையும் பொய்.

பழைய டிரெசர்: இதய நோய் அபாயத்துக்குப் பலரும் பயன்படுத்தும் ஃபிரேமிங்ஹாம் கணக்கே 1948இல் அமெரிக்காவில் தொடங்கிய, பெரும்பாலும் வெள்ளையர்களைப் பார்த்த ஆய்விலிருந்து வந்ததுதான், நம்மவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உன் மாடலையும் வேறு ஊர் ஆட்களிடம் சோதித்துப் பார். நோய் வருபவரையும் வராதவரையும் மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் சி-ஸ்டாட்டிஸ்டிக் மட்டும் போட்டுத் தப்பிக்காதே, 10 சதவீத அபாயம் என்று நீ சொன்ன கூட்டத்தில் உண்மையில் எத்தனை பேருக்கு வந்தது என்றும் காட்டு. எழுதும்போது ட்ரைபாட் (TRIPOD) பட்டியலை வைத்துக்கொள், கணிப்பு மாடல் ஆய்வுக் கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் அது: 2015இல் 22 அம்சங்களோடு வந்தது, 2024இல் ஏஐ மாடல்களையும் சேர்த்துப் புதுப்பித்தார்கள்.

செம்பனைக்காரன்: சரி அண்ணே. மாரடைப்பு வந்தவர்கள் எண்ணிக்கைதான் ரொம்பக் குறைவு.

பழைய டிரெசர்: அப்படியானால் மாறிகளை, அதாவது கணிப்புக்கு எடுக்கும் வயது, கொலஸ்ட்ரால் போன்ற விவரங்களைக் குறை. எவற்றை வைப்பது என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடு.