பாசி எடுக்கும் பெண்கள் குறித்த ஆய்வுக்கு உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுத்தும் வளர்த்தும் பிழைக்கும் ராமநாதபுரம் மாவட்டப் பெண்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிவருகிறேன். விரல்களில் துணி சுற்றி, பாதங்களில் தகடு கட்டி, மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பறிக்கும் இவர்கள், மாதத்தில் சில நாட்களே கடலில் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திவிடுவது எனத் தாமாகவே வரம்பு வகுத்துக்கொண்டவர்கள். ஆயினும் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான பின், அத்துமீறுபவர்களாகவே பெரிதும் பார்க்கப்படுகிறார்கள். மாற்றாக முன்வைக்கப்பட்ட கப்பாபைகஸ் பாசி மூங்கில் மிதவையில் ஏறத்தாழ 45 நாட்களில் விளைகிறது. ஆனால் அதே பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததும் பதிவாகியுள்ளது.

பாசி எடுப்பவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி விருதை 2015இல் பெற்றபோது வந்த செய்திகள் கிடைத்தன; அவை பாராட்டோடு நின்றுவிடுகின்றன. எனக்குத் தேவைப்படுவது, பெண்கள் வகுத்த விதிகளை எழுத்தில் கொண்ட கிராமக் கூட்டத் தீர்மானங்கள், மிதவை வளர்ப்புக்கு மாறிய சுயஉதவிக் குழுக்களின் வரவுசெலவுக் குறிப்புகள் ஆகியவை. பாம்பன், மண்டபம் பகுதிகளில் பணியாற்றியவர்கள், அப்பெண்களின் ஒப்புதலோடு அவர்களிடம் என்னை அறிமுகப்படுத்த இயலுமானால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன். பாசி எடுக்கும் நாட்களைத் தவிர்த்தே வருவேன்.